கேலனுக்கு முப்பது மைல்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வர்ஷினி மெல்பர்னிலிருந்து கூப்பிட்டாள். படிக்கப் போய் ஒரு வருஷம் ஆகிறது. கொழும்பில் அப்போது காலை. வெள்ளவத்தை வீட்டுச் சமையலறையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“அம்மா, கார் எடுத்துட்டேன். பழசுதான், சின்னது.”

“எவ்வளவு குடுக்குது?”

“ஏழு.”

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். “லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரா? காரை எடுத்தியா, லாரியை எடுத்தியா?”

அவள் சிரித்தாள். அங்கே கணக்கைத் தலைகீழாகச் சொல்வார்களாம். நூறு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதுதான் பேச்சாம். எண் குறையக் குறைய நல்லதாம். நான் நாட்காட்டியின் ஓரத்தில் நூறை ஏழால் வகுத்துப் பார்த்தேன். பதினாலு வந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த கவலை வந்துவிட்டது.

“பெட்ரோல் முடிஞ்சு நடுவழியில நின்னுட்டா?”

“அம்மா, முடியுறதுக்கு முந்தி லைட் எரியும். வழி நெடுக ஷெட் இருக்கு. நீங்க இன்னும் அந்த வருஷத்தை விடல்லையா?”

பெட்ரோல் பங்க்கை இங்கே ஷெட் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் என்று அவள் சொன்னது 2022-ஐ. நான் விடவில்லை. அவள் போனை வைத்த பிறகும் நாட்காட்டி ஓரத்திலேயே மைலையும் கேலனையும் போட்டுப் பெருக்கிக்கொண்டு நின்றேன். சோறு குழைந்துவிட்டது.

2

வெளிநாட்டு வாழ்க்கை என்று நான் எழுத உட்கார்ந்தால் ஊரில் என் தோழிகள் சிரிப்பார்கள். திருநெல்வேலிக்காரிக்குக் கொழும்பு சென்னையைவிடப் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி நான் கிளம்பியபோது, “அங்கேயும் தமிழ்தானே பேசுதாவ, என்ன பயம்?” என்றுதான் அம்மா அனுப்பிவைத்தாள்.

தமிழ்தான். ஆனால் முதல் வாரமே குழம்பிவிட்டேன். அப்போது என் கணவர் வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. தெருவில் நடந்துபோனால் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து, “என்ன, என்ன” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று திருதிருவென்று விழித்தேன். சிங்களத்தில் “என்ன” என்றால் “வாருங்கள்” என்று அர்த்தமாம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, “நீங்கள் நல்ல வடிவாக் கதைக்கிறியள்” என்று பாராட்டினார். நான் கதை விடுகிறேன் என்று குத்திக்காட்டுகிறாரோ என்று இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். கதைப்பது என்றால் இங்கே பேசுவதாம், வடிவு என்றால் அழகாம்.

மாமாவிடமும் அப்படித்தான். மாமா என்றால் என் மாமனார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவரிடம் வெள்ளைக்காரன் காலத்துச் சாயலில் ஒரு பழைய ஆங்கிலேயக் கார் இருந்தது. அதை யாரையும் தொட விடமாட்டார். பேச்சுக் கொடுக்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

“மாமா, கார் மைலேஜ் எவ்வளவு?”

“எண்பதாயிரம்” என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். நம் ஊரில் மைலேஜ் என்றால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. இங்கே அது கார் இதுவரை ஓடிய மொத்தத் தூரம். அதுவும் அந்தக் காரின் மீட்டர் மைலில் ஓடியது. நாடு கிலோமீட்டருக்கும் லிட்டருக்கும் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. காரும் மாமாவும் மட்டும் மாறவே இல்லை.

சிங்களம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. வீட்டில் தமிழ், கடையில் தமிழ், கோயிலில் தமிழ். பஸ்ஸிலும் சந்தையிலும் கையைக் காட்டிச் சமாளித்துவிடுவேன். வருஷா வருஷம் விசாவைப் புதுப்பிக்கப் போகும் நாளில்தான் மாட்டிக்கொள்வேன். எதிரே இருப்பவர் பொறுமையாகத்தான் கேட்பார், ஆனால் சிங்களத்தில் கேட்பார். வர்ஷினிக்குப் பத்து வயதானதும் அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவள் பள்ளிக்கூடத்துத் தோழிகளோடு பேசிப் பேசி அந்த மொழியைத் தண்ணீர் மாதிரி பேசுவாள். நான் யார், யாருடைய மனைவி, ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்பதையெல்லாம் இடையில் நின்று அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

பதினைந்து வயதில் அவளுக்கு அது அலுத்துவிட்டது. என்னோடு தெருவில் வரும்போது நாலடி முன்னால் நடப்பாள். “அம்மா, ‘சொல்லுதேன், போறேம்லா’ண்டெல்லாம் ஆட்கள் முன்னுக்குப் பேசாதீங்க. ஃபிரண்ட்ஸ் சிரிக்கிறாங்க” என்பாள். எனக்கு வலிக்கும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

3

2022-இன் நடுவில் பெட்ரோல் இல்லாமல் போயிற்று. செய்தியில் பார்த்திருப்பீர்கள். காலி என்ற ஊருக்குப் போகும் பெரிய சாலை, எங்கள் வீட்டு முன்னால் ஓடும் காலி வீதி, அகலத்துக்கும் வெறிச்சோடிக் கிடந்தது. நட்டநடு வீதியில் காகம் நடந்து போவதை எங்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் சிங்களம் தெரியாதவர்களும் கற்றுக்கொண்ட ஒரு சொல் “இவரயி”. முடிந்துவிட்டது என்று அர்த்தம். கேஸ் இவரயி. பால்மா இவரயி. பெட்ரோல் இவரயி.

மாமாவுக்கு அதற்கு முந்தைய வருஷம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். நாரஹேன்பிட்டிப் பக்கம் ஒரு மருத்துவமனை. ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரக்கு விஷயமாகத் திருப்பூர் போன என் கணவர் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். கடை வான் காலித் தொட்டியோடு நின்றது. வழக்கமாக எங்களைக் கூட்டிப் போகும் ஆட்டோக்காரர் பெட்ரோல் வரிசையில் ஆட்டோவுக்குள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது அந்தப் பழைய கார்தான். என் கணவரின் சிநேகிதர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு ஐந்து லிட்டர் கேன் பெட்ரோல் கொண்டுவந்து தந்தார். காய்ந்து கிடந்த தொட்டியில் ஊற்றினோம். எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் செத்துப்போய் வெகுநாளாயிற்று. ஆகவே கணக்கு ஒன்றுதான் வழி.

“மாமா, இது லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?”

“லிட்டர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கேலனுக்கு முப்பது மைல்.”

ஒரு மைல் ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டர். முப்பது மைலுக்கு நாற்பத்தெட்டு. கேலனுக்கு எத்தனை லிட்டர் என்று போனில் தேடினேன். மூன்று புள்ளி எட்டு என்று வந்தது. வகுத்தால் லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டருக்கு மேல். ஐந்து லிட்டருக்கு அறுபத்து மூன்று. மருத்துவமனைக்குப் போய்வர மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஐந்து தடவை போய்வரலாம், அப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அதற்குள் கணவர் வந்துவிடுவார், அல்லது பெட்ரோல் கப்பல் வந்துவிடும்.

மாமா சாவியை என் கையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஊசி குத்திக் குத்தி அவர் இடது கை தடித்துப் போயிருந்தது, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது.

முதல் நான்கு தடவையும் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவேன். இறக்கம் வந்தால் நியூட்ரலில் உருள விடுவேன். மீட்டரில் ஒவ்வொரு மைல் திரும்பும்போதும் மிச்சத்தை வாய்க்குள் எண்ணிக்கொள்வேன். பக்கத்தில் மாமா மூச்சு வாங்கினால் எஞ்சின்தான் இருமுகிறதோ என்று பதறுவேன். எஞ்சின் இருமினால் மாமாவைத் திரும்பிப் பார்ப்பேன்.

4

ஐந்தாவது தடவை போக வேண்டிய காலை. மனசு கேட்காமல் கணக்கை மறுபடி போட்டேன். போனில் கேலன் என்று தேடி, இந்த முறை கொஞ்சம் கீழே இறங்கிப் படித்தேன். அமெரிக்க கேலன் என்று ஒன்று, பிரிட்டிஷ் கேலன் என்று ஒன்று. நான் எடுத்தது அமெரிக்க கேலன். ஆங்கிலேயக் காரின் கேலன் அதைவிடப் பெரியது. நாலரை லிட்டர்.

அப்படியானால் அந்த முப்பது மைலை ஓட அதிகப் பெட்ரோல் வேண்டும். நின்றபடியே மறுபடி வகுத்தேன். லிட்டருக்குப் பத்தரை சொச்சம்தான். ஐந்து லிட்டருக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். அதில் நாற்பத்தெட்டு ஏற்கெனவே ஓடியாகிவிட்டது. மிச்சம் ஐந்து. போகவே ஆறு வேண்டும்.

மாமா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று இரவு முழுக்க அங்கேதான் இருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன.

“மாமா, பெட்ரோல் பத்தாது போல இருக்கு.”

“எவ்வளவு குறையும்?”

“கணக்குப்படி, போறதுக்கே ஒரு கிலோமீட்டர் குறையுது.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். “முப்பதுண்டு நான் குறைச்சுத்தான் சொன்னேன். அதுக்கு மேலயே ஓடும்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “போறதுக்கு இருந்தாப் போதும்மா. வாறதை வரும்போது பார்ப்பம்” என்றார்.

வர்ஷினி அறையிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் மூடியிருந்த நாட்கள் அவை. “நானும் வாறேன். எங்கயாவது நின்னா நீங்க யார்கிட்ட என்னண்டு கதைப்பீங்க?”

பாமன்கடையைத் தாண்டினோம். கிருலப்பனைச் சந்தியில் சிக்னல் விழுந்தது; எஞ்சினை அணைக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தேன். பேஸ்லைன் வீதியில் திரும்பியதும் இடது ஓரம் முழுக்க வரிசை. கார், வான், ஆட்டோ, மோட்டார் சைக்கிள். பெட்ரோலுக்கு நிற்கும் வரிசை. அது மருத்துவமனை வாசலையும் தாண்டிப் போகிறது என்று எனக்குத் தெரியும். வண்டிகளின் மேல் துணி காய்ந்தது. நடைபாதையில் பாய் விரித்துச் சீட்டாடினார்கள்.

அந்த வரிசையின் பக்கத்திலேயே எங்கள் கார் ஒரு முறை குலுங்கியது, இரண்டாம் முறை குலுங்கியது, நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை.

5

வரிசைக்குள் நுழையப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். லுங்கி மாதிரி சாரம் கட்டிய ஒருவர் பாயிலிருந்து எழுந்து வந்து காரின் மேல் தட்டினார். “நோனா, போலிமட்ட என்ன!” அம்மா, வரிசைக்கு வாருங்கள் என்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த முகங்கள்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். பெட்ரோல் முடிந்துவிட்டது, உள்ளே என் மாமாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. காருக்குள் கையைக் காட்டிக் கத்தினேன்.

“மாமா இவரயி!”

சாரம் கட்டியவர் அப்படியே நின்றார். ஒருவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அவர்கள் மொழியிலும் மாமா மாமாதான். பெரியவர் போய்விட்டார் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

முன் ஜன்னலிலிருந்து மெல்ல ஒரு கை வெளியே வந்தது.

“தாம நே, மல்லி” என்றார் மாமா. இன்னும் இல்லை, தம்பி.

யாரோ ஒருவர் குபீரென்று சிரித்தார். அதற்குள் வர்ஷினி மறுபக்கம் இறங்கி ஓடிவந்து என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள். படபடவென்று சிங்களத்தில் சொன்னாள். தாத்தாவைக் குறிக்கும் சீயா என்ற சொல்லும், டயாலிசிஸ் என்ற சொல்லும் மட்டும் எனக்குப் புரிந்தன. அவளுக்கு அத்தனை பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தொப்பி போட்டவர் குழாய் வைத்து எதிலிருந்தாவது உறிஞ்சலாமா என்று பார்த்தார். அந்த வரிசையில் நின்ற எவர் தொட்டியிலும் உறிஞ்ச ஒன்றும் இல்லை. சாரம் கட்டியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் போனார்.

“நோனா, நீங்க ஏறுங்க, ஸ்டியரிங்கைப் பிடிங்க” என்று தமிழில் சொன்னார் ஒருவர். ஒரு வான்காரர்.

தள்ளினார்கள். கார் அசைந்தது. ஆனால் அவர்களால் வெகுதூரம் வர முடியாது. வரிசை எந்த நிமிஷமும் நகரலாம். வண்டியில் ஆள் இல்லாவிட்டால் இரண்டு நாள் காத்திருந்த இடம் போய்விடும். பத்துப் பதினைந்து வண்டிகளைத் தாண்டியதும் மூச்சு வாங்க நின்றார்கள். அங்கே நின்றவர்களைப் பார்த்து, “லெடெக் இன்னவா!” என்று கத்தினார்கள். நோயாளி இருக்கிறார். அங்கிருந்தவர்கள் எழுந்து வந்து கையை வைத்தார்கள். முதலில் தள்ளியவர்கள் தங்கள் வண்டிகளுக்குத் திரும்பி ஓடினார்கள்.

அப்படியே கைமாறிக் கைமாறிப் போனது. கொஞ்ச நேரத்தில் கத்துவது எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போய்ச் சேருமுன்பே ஆட்கள் சாலையில் இறங்கித் தயாராக நின்றார்கள். மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. யார் காலிலாவது ஏற்றிவிடுவேனோ, பின்னால் பஸ் வந்து இடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே பிடித்திருந்தேன். “நேராப் பார்த்துப் பிடிம்மா” என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குழு விலகும்போதும் ஜன்னலில் கையை எடுத்துக் கும்பிட்டார். பின்கண்ணாடியில் பார்த்தேன். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வர்ஷினி மட்டும் மாறவில்லை. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, குனிந்து தள்ளிக்கொண்டே வந்தாள்.

6

மருத்துவமனையில் நேரம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். தாதி, அதாவது நர்ஸ், உடனே மாமாவை உள்ளே கூட்டிப்போனாள். பாதிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. மெஷின்கள் விரிப்புப் போர்த்தி நின்றன.

“மத்தவங்க வரல்லையாம்” என்று வர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

மாமா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். “அந்தக் களனி மனுஷன் எங்கே?” களனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருவர் அவர். மாமாவும் அவரும் நாலு மணி நேரமும் கிரிக்கெட் பேசுவார்கள். தாதி மாமாவின் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த மனிதர் பிறகும் வரவில்லை. ஏனென்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, மாமாவும் மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கு மாமா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஊழியர்களை வீட்டில் விடும் மருத்துவமனை பஸ் எங்கள் வீட்டு வழியாகத் தெஹிவளை வரை போனது. தாதி சொல்லி எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வரிசையில்லாமல் அளந்து பெட்ரோல் கொடுக்கத் தொடங்கும்வரை அந்தப் பஸ் எங்களைச் சுமந்தது. கார் மருத்துவமனை முற்றத்திலேயே மூன்று வாரம் நின்றது. மாமா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். தூக்கத்தில், எங்கள் வீட்டில், கஷ்டப்படாமல் போனார்.

அன்று மதியம் அவர் மெஷினில் இருந்தபோது நானும் வர்ஷினியும் முற்றத்தில் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். பையில் இரண்டு பணிஸ் இருந்தது. நம் ஊர் பன்னைத்தான் இங்கே பணிஸ் என்பார்கள். சாப்பிடத் தோன்றவில்லை. அவள் உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தன. ஒரு கையில் தோல் உரிந்திருந்தது. என் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநாளைக்குப் பிறகு.

“நீ இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பேன்னே தெரியலட்டி” என்றேன்.

அவள் முன்கண்ணாடி வழியாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதைத்தான் நானும் யோசிச்சேன்” என்றாள். “அம்மா, நீங்க சிங்களம் படிச்சிருங்க. ரெண்டு மூணு வருஷத்துல நான் போயிருவேன்.”

கோபத்தில் சொல்லவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்வது போலச் சொன்னாள். எப்போதோ முடிவு செய்துவிட்டிருக்கிறாள். சொல்ல நேரம் பார்த்திருக்கிறாள்.

எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. பையைத் திறந்து ஒரு பணிஸை எடுத்து அவள் கையில் வைத்தேன். “சாப்பிடு” என்றேன். அவள் அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.